மூன்றாம் மாடி குக்கர்

லேமிங்டன் ரோட்டில் மழை விட்ட சனிக்கிழமை,
கீர்த்திபாய் கடையில் விலை கேட்டேன்.
மேசை ரேடியோ. பேசிக்கொண்டே கேட்கும்.
ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.
"செகண்ட் ஹேண்ட்தான் மேடம், கண்ணாடி மாதிரி."
அந்தக் கண்ணாடியில் என் மாதச் சம்பளம்
சின்னதாகத் தெரிந்தது.

சுழலும் ஆன்டெனா என்றால்
மோட்டார் தனி, கம்பம் தனி,
இழுத்துக் கட்ட நாலு கம்பி தனி,
சொசைட்டி செயலாளர் தாம்பே தனி.
மாடியில் எதை நட்டாலும்
கீழே ஒழுகும் என்பது அவர் சித்தாந்தம்.

முட்டை அடிக்கிற மத்துபோல் ஒன்று இருக்கிறது.
திருப்ப வேண்டாம், எல்லாத் திசையும் பார்க்கும்.
எல்லாத் திசையும் பார்ப்பதால்
எதிர்க் கட்டட செல்போன் கோபுரத்தையே
பார்த்துக்கொண்டிருக்கும்.

கடைசியில் தச்சர்கள் வைத்திருக்கும் எஃகு நாடா ஒன்று,
ஒரு அங்குல பி.வி.சி. குழாய்,
காய்கறிக் கத்திரி.
பெரிய அலைக்கு மூன்று துண்டு, ஆளுக்கு ஒரு மீட்டர்.
சின்ன அலைக்கு ஐந்து, ஒரு முழம்கூட வராது.
ஒன்றுக்கொன்று குறுக்காக.
முதல் துண்டு மட்டும் தன் நீளத்தை உள்ளபடி சொன்னது.
மற்றவை நூற்று நாலில் தொடங்கி
வேறு யாருடைய ஜன்னலையோ அளந்துகொண்டிருந்தன.

ரேடியோவில்தான் ஏமாந்தேன்.
ஒரு கைப்பெட்டி போதும் என்று
மூன்று வாரம் அதில் கத்தினேன்.
பொத்தானை அழுத்தினால் அது செவிடு.
மேலே போய்ச் சேர்ந்தேனா,
அடுத்தவர் பேச்சின்மேல் ஏறி மிதித்தேனா,
தெரியாது.
ஒருநாள் விரலை எடுத்தபோது
மஸ்கட்காரர் ஒருவர் அலுத்துப்போய்
"பம்பாய், முதலில் கேளுங்கள்" என்றார்.

கேட்பதற்கென்று இன்னொரு பெட்டி வாங்கினேன்.
அதிலும் வில்லங்கம்:
நூற்று நாற்பத்தைந்தை மூன்றால் பெருக்கினால்
நானூற்று முப்பத்தைந்து.
கீழே நான் பேசியது மூன்று மடங்காகி
வானத்திலிருந்து வருவதை மூடியது.
சயானில் டி.வி. பழுதுபார்க்கும் அருளப்பன்
இரண்டு சுருளும் நாலு கெபாசிட்டரும் வைத்து
தகரப் பெட்டியில் ஒரு பிரிப்பான் செய்தார்.
"வாயையும் காதையும் பிரிச்சாச்சு" என்றார்,
நூற்றைம்பது வாங்கிக்கொண்டார்.

செவ்வாய், காலை ஆறு நாற்பத்திரண்டு.
செம்பூர் மொட்டை மாடி.
தாம்பே தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தபடி
என்னையும் பார்த்தார்.
எட்டரைக்கு நான் கோவண்டி ஆஸ்பத்திரியில்
எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.
கிடைத்தது பதினோரு நிமிடம்.

டிராம்பே மலைக்கு வலப்புறம் குழாயை நீட்டி
பத்து கிலோஹெர்ட்ஸ் மேலே வைத்துக் காத்திருந்தேன்.
குர்லா ஃபாஸ்ட் ஹாரன் போலத்தான்,
வருகையில் சுருதி கூடி, போகையில் குறையும்.
தினம் நாற்பது பேரிடம் சொல்கிற வார்த்தையை
எனக்கே சொல்லிக்கொண்டேன்:
மூச்சை இழுத்துப் பிடியுங்கள்.

இரைச்சல் மெல்லப் பள்ளமானது.
மணிக்கட்டைக் கால் சுற்று திருக, மணல் விலகி
ஆட்கள்.
ஒருவர் முடிக்கும்வரை பொறுத்தேன்.
பிறகு என் அழைப்புக்குறியைச் சொன்னேன்.

சொல்லச் சொல்லவே இடது காதில்
மூக்கடைத்த ஒரு பெண்
அதையே சொன்னாள்.
எழுநூறு கிலோமீட்டர் மேலே போய் வந்தவள்.
அவளுக்குப் பின்னால்
புகைபோக்கி வழி ஏறி வந்த
சந்தானலட்சுமி வீட்டு குக்கர்.
வலது காதில் ஒரு விசில், நேராக.
இடது காதில் அதே விசில், சுற்றிக்கொண்டு.
அடுத்த வார்த்தை மறந்துபோனது.

"மட்டக்களப்பில இருந்து ஞானசெல்வம்.
உங்கட பக்கம் என்ன விசில் அது?"
"பருப்பு" என்றேன். "நாலாவது."
"அஞ்சு வேணும்" என்றார்.
குரல் ஐந்தைந்தாய் இறங்கியது,
நானும் குமிழைத் திருகி அவரோடு இறங்கினேன்,
காட்கோபர் கட்டடங்களுக்குப் பின்னால் தீரும்வரை.

"க்யா போலா?" என்றார் தாம்பே.
நாடாத் துண்டுகளை மடக்கி ரப்பர் பேண்ட் போட்டேன்.
ஐந்தாவது விசில்
ஒரு தடவைதான் கேட்டது.